பொழைக்கப் போகும் குடும்பங்களும் ஊர்ப் பள்ளிக்கூடமும்

(ஓசூரில் நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தீர்த்தமலை வட்டாரத்தில் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவரும், இப்போது பி பிளாக்கில் மகன் குடும்பத்தோடு வசிப்பவருமான நம் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)

கல்வியைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். பொத்தாம்பொதுவாகப் பேச எனக்கு வராது. தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேலைக்காக ஊர் ஊராகப் போகிற குடும்பத்தின் பிள்ளையை ஓர் ஆரம்பப் பள்ளி எப்படி விட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வது என்பதுதான் அது. இது நமக்கு எதற்கு என்று தோன்றினால், உங்கள் பால்கனியிலிருந்து பின்மதிலுக்கு அப்பால் பாருங்கள். இரண்டாவது டவருக்குக் கம்பி கட்டுகிறவர்களின் தகர ஷெட்டுகள் தெரியும். பள்ளிக்கூட நாளில், காலை பதினோரு மணிக்கு அங்கே விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் தெரிவார்கள்.

தீர்த்தமலைக்கு உங்களில் சிலர் சாமி கும்பிட வந்திருப்பீர்கள். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர், பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தம், கொஞ்ச தூரத்தில் தென்பெண்ணைக் கரையில் அனுமந்தீர்த்தம். பேரிலெல்லாம் தீர்த்தம்தான், ஆனால் சுற்றியுள்ள பல ஊர்களில் நிலம் மழையை நம்பி இருக்கிறது. மழை சரியில்லை என்றால் கையில் வேலை இல்லை. அப்போது பெங்களூருக்குக் கட்டட வேலை, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி, குடகுக்குக் காபி பறிப்பு, இன்னும் கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று கிளம்பிவிடுவார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பேர் பொழைக்கப் போறது.

பள்ளிக்கூடத்துக்கு இது எப்படித் தெரியவரும் தெரியுமா? திங்கட்கிழமை வருகைப் பதிவு எடுத்தால் நான்கு பேர் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து, "அவங்க ராத்திரியே வண்டியேறிட்டாங்க டீச்சர்" என்பான். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அவர் வேன் அனுப்பும் நாள்தான் கிளம்பும் நாள். டி.சி. வாங்க எங்கே நேரம்?

நேரம் இருந்தாலும் வாங்க வரமாட்டார்கள். வந்து சொன்னால் டீச்சர் திட்டுவார், பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறாயே என்பார் என்ற பயம். பேரை அடித்துவிடுவார்கள், திரும்பி வந்தால் சேர்க்கமாட்டார்கள் என்று இன்னொரு பயம். ஆகவே சொல்லாமல் போகிறார்கள். சொல்லாமல் போன பிள்ளைக்குப் போன இடத்தில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. நான்கைந்து மாதம் கழித்துத் திரும்பும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும், பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும். இப்படி இரண்டு முறை ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். பெண் பிள்ளை என்றால் அடுத்து வீட்டில் கல்யாணப் பேச்சு. தர்மபுரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே என் கணக்கில், போகப் போகிறோம் என்று பெற்றோர் பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய இடமாகப் பள்ளிக்கூடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கணினியும் வண்ணச் சுவரும் அப்புறம்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. எங்கள் பள்ளியில் அரைப் பரீட்சைக்கு முன்பே வீடு வீடாகப் போய், "இந்த வருசம் எப்போ கிளம்புறீங்க, எந்த மேஸ்திரிகூட?" என்று கேட்போம். போகாதே என்று சொல்வதில்லை. சொன்னால் அரிசிக்கு யார் பொறுப்பு? ஒரு நோட்டில் போகும் ஊர், மேஸ்திரியின் செல்போன் எண், பிள்ளையை விட்டுப்போவார்களா, கூட்டிப்போவார்களா என்று எழுதிக்கொள்வோம். கூட்டிப்போனால் டி.சி.யைக் கேட்காமலே கையில் கொடுத்துவிடுவோம். கூடவே அரைத் தாளில், இந்தப் பிள்ளை எதுவரை வாசிக்கும், கழித்தல் வருமா, கண் பார்வை எப்படி என்று நாலு வரி. டி.சி.யில் பிறந்த தேதியும் வகுப்பும்தான் இருக்கும். புது டீச்சருக்கு வேண்டியது அந்த நாலு வரி.

ஆயாவிடம் விட்டுப்போகிற பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குக் காலைச் சாப்பாடு பெரிய விஷயம். ஆயா விடியும் முன்பே ஆடு ஓட்டப் போய்விடுவார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளையை ஊரிலேயே விட்டுப்போகலாம் என்று ஒரு தாய் துணிவதற்கு இந்த உப்புமாவும் பொங்கலும் எத்தனை அறிவுரையைவிடவும் பலம்.

பெற்றோர் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். வேலை நாளில் கூட்டம் போட்டால் ஊரில் இருப்பவர்கள் மட்டும் வருவார்கள். பொழைக்கப் போனவர்கள் பொங்கலுக்கும் மாசி மகத் தேருக்கும் ஆடி பதினெட்டுக்கும் கட்டாயம் ஊர் திரும்புவார்கள். தேருக்கு மறுநாள் கூட்டம் வையுங்கள், கையில் பலூனோடு அப்பாக்களும் வருவார்கள். வராதவரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் போதும். சாரத்தில் நின்றபடி அதைக் கேட்டு அழுத அப்பாக்கள் உண்டு.

இதுவரை சொன்னது அனுப்புகிற ஊரின் வேலை. ஓசூரில் இருக்கிற நாம் வாங்குகிற ஊர். இங்கேதான் அதிகம் தடுக்குகிறது. மேஸ்திரிக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று தெரியாது. தெரிந்து போனாலும், "டி.சி. எங்கே, ஆதார் எங்கே, வருசத்து நடுவில் வந்தால் எப்படி" என்ற கேள்விகள் வரும். சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளை வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது. டி.சி. தாமதமாவதையோ, வயதுச் சான்று இல்லாததையோ காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று தனியாகவே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் என்றால் இன்னும் சுலபம். பழைய பள்ளி விடுவித்தால் பிள்ளையின் எமிஸ் எண் காமன் பூலுக்குப் போகும், புதுப் பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

நம் ஷெட்டுகளில் அரூர்க்காரர்கள் மட்டும் இல்லை, ஒடிசா, பீகார் குடும்பங்களும் இருக்கின்றன. மொழி தெரியாத பிள்ளை வகுப்பில் என்ன செய்யும்? இதற்குக் கேரளத்தில் ஒரு வழி கண்டார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் ரோஷ்ணி என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகளின் மொழியும் மலையாளமும் தெரிந்த தன்னார்வலர்கள், பள்ளி தொடங்கும் முன் காலையில் தனி வகுப்பு எடுத்தார்கள். காலை உணவும் கொடுத்தார்கள். இந்தியிலோ வங்காளத்திலோ ஆரம்பித்து மெதுவாக மலையாளத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் மொழி பேசும் ஒருவர் பள்ளியில் இருந்தால் தாயும் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறாள். தெலுங்கு, கன்னடம், உருது வழி வகுப்புகளைப் பார்த்துப் பழகிய ஓசூருக்கு இது ஒன்றும் புதுசாக இருக்காது.

இன்னொன்று, நிறைய பேர் கவனிக்காதது. ஷெட்டில் எட்டு வயதுப் பெண் பள்ளிக்குப் போகாததற்குப் பல நேரம் காரணம், அவள் இடுப்பில் இருக்கும் தம்பிதான். அம்மா சித்தாள் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, ஐம்பது பெண்களுக்கு மேல் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கி ஆள் வைக்க வேண்டும் என்று இருந்தது. அப்படி ஓர் அறை உண்டா என்று வீடு வாங்கிய நாம் நம் பில்டரிடம் கேட்கலாம். இல்லை என்றால் பக்கத்து அங்கன்வாடியில் பேசலாம். லிஃப்ட்டுக்கும் பார்க்கிங்குக்கும் எத்தனை கடிதம் எழுதினோம், இதற்கும் ஒன்று எழுதலாமே.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் ஷெட்டுகளுக்குப் போய், பிள்ளைகளின் பெயர், வயது, கடைசியாகப் படித்த பள்ளி மூன்றையும் எழுதிக்கொண்டு வரப்போகிறேன். திங்கட்கிழமை அந்தப் பெற்றோரோடு அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும். கூலி நாளை விட்டு வரமுடியாதவர்களுக்குப் பதிலாக யாராவது கூட வந்தால் நல்லது. இந்தி எனக்கு அரைகுறை, ஒடியா சுத்தமாக வராது. தெரிந்தவர்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லுங்கள். செருப்பு பழையதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், அங்கே எல்லாம் சிமெண்ட் சேறு.