ஊத்தலாம்னு சொன்னேன், எப்போன்னு சொல்லல

வழக்கமா உங்க கேள்வியில ஆரம்பிப்போம். இன்னைக்கு ஒரு திருத்தத்துல ஆரம்பிக்கிறேன். தப்பு என்னோடது.

ரெண்டு எபிசோடு முன்னாடி ஒருத்தர் கேட்டிருந்தார்: "சார், டெம்பரேச்சர் முள் சிவப்புக்கோடு பக்கம் போகுது. ரேடியேட்டர்ல பச்சத் தண்ணி ஊத்தலாமா, கூலன்ட்தான் ஊத்தணுமா?" அவசரத்துக்குத் தண்ணி ஊத்தலாம், ஊர் போய்ச் சேர்ந்ததும் வடிச்சுட்டு கூலன்ட் போட்டுடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். பதில்ல தப்பு இல்ல. அதைக் கேட்ட இன்னொரு நேயருக்குப் போன வாரம் அதே மாதிரி வண்டி சூடாயிருக்கு. ரோட்டோரமா நிறுத்தினார், அஞ்சு நிமிஷத்துல துணியச் சுத்தி மூடியத் திறந்துட்டார். மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் கொப்புளம். "ஊத்தலாம்னு சொன்னீங்க, எப்போன்னு சொல்லலையே சார்"னு எழுதியிருக்கார். கோபமே இல்லாம எழுதியிருக்கார். அதைப் படிச்சப்போ திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

சரி, இப்போ முழுசா சொல்றேன். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல. உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. வெளிக்காற்றோட அழுத்தத்தைவிட ஏறத்தாழ ஒரு பார் கூடுதலா அது உள்ள பிடிச்சு வைக்கும். அழுத்தம் கூடினா தண்ணி கொதிக்கிற சூடும் கூடும். சாதாரணமா 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி, அந்த ஒரு பார்ல 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம தண்ணியாவே நிக்கும். கூலன்ட் கலந்திருந்தா இன்னும் கொஞ்சம் மேல. நீங்க மூடியத் திறந்த நொடி அந்த அழுத்தம் போயிடுது. 110 டிகிரியில சாதுவா இருந்த தண்ணி, ஒரே வீச்சுல கொதிச்சு ஆவியாப் பீறிட்டு வரும். அதுக்கு முன்னாடி துணி என்ன செய்யும்? நனைஞ்சு, அந்தச் சூட்டத் தோல் மேலயே பிடிச்சு வைக்கும்.

அதனால வண்டி சூடானா முதல்ல ஏசிய அணைங்க. ஹீட்டர் இருந்தா முழுசாத் திறந்து விடுங்க, வேர்த்துக் கொட்டும், ஆனா எஞ்சின் சூட்டுல கொஞ்சம் உங்க பக்கம் வந்துடும். ஓரமா நிறுத்துங்க. ஆவி வருதுன்னா எஞ்சினை அணைச்சுட்டு, பானெட்டத் தொடாம டீக்கடைக்குப் போயிடுங்க. குறைஞ்சது அரை மணி நேரம். திரும்பி வந்ததும் ரேடியேட்டர் மேல் ஹோஸ் பக்கத்துல கைய வச்சுப் பாருங்க. அனல் அடிச்சா இன்னொரு டீ. ஆறிடுச்சுன்னா மூடிய முதல் நிலை வரைக்கும் மட்டும் திருப்புங்க, உஸ்ஸுன்னு சத்தம் வந்தா அது நிக்கிற வரைக்கும் பொறுங்க. நிறைய புது வண்டிகள்ல இந்த மூடி ரேடியேட்டர் மேல இருக்காது, பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக் டப்பா மேல இருக்கும். பிளாஸ்டிக்தானேன்னு நினைக்காதீங்க, அழுத்தம் அதுலயும் அதேதான். தண்ணிய மெதுவா ஊத்துங்க. காய்ஞ்சு கிடக்கிற எஞ்சின்ல சட்டுனு பச்சத் தண்ணி போனா சிலிண்டர் ஹெட் விரிசல் விட வாய்ப்பு இருக்கு.

தப்பித் தவறி கையில பட்டுடுச்சுன்னா ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் பிடிங்க. பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தா டாக்டர்கிட்டப் போயிடுங்க.

இதைவிட முக்கியமா நான் அன்னைக்கு ஒண்ணு திருப்பிக் கேட்டிருக்கணும்: நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா? சிக்னல்ல நிக்கும்போது முள் ஏறி, வண்டி ஓட ஆரம்பிச்சதும் இறங்குச்சுன்னா பெரும்பாலும் ஃபேன் சுத்தல. ஃபியூஸ், ரிலே, இல்ல ஃபேன் மோட்டார். பைபாஸ்ல 80-ல போகும்போது ஏறுதுன்னா கூலன்ட் குறைஞ்சிருக்கலாம், ரேடியேட்டர் அடைச்சிருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடினபடியே மாட்டியிருக்கலாம், வாட்டர் பம்ப் போயிருக்கலாம். ஒரே கேள்விக்கு வேற வேற செலவு. இன்னொண்ணு, சூடான வண்டியில முள் திடீர்னு கீழ விழுந்தா சந்தோஷப்படாதீங்க. தண்ணி முழுக்கப் போய் சென்சார் வெறும் காத்துல நிக்குதுன்னாலும் முள் இறங்கும்.

அமெரிக்காவுல 'கார் டாக்'னு ஒரு ரேடியோ நிகழ்ச்சி இருந்துச்சு. டாம், ரே மாக்லியோஸின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர். எம்.ஐ.டி.யில படிச்சுட்டு மெக்கானிக் ஷெட் வச்சவங்க. 1977-ல பாஸ்டன்ல ஆரம்பிச்சாங்க, 1987-ல நாடு முழுக்கப் போச்சு, 2012 வரைக்கும் புது எபிசோடு வந்துச்சு. போன் பண்றவங்க வண்டிச் சத்தத்த வாயாலயே செஞ்சு காட்டணும், இவங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அதுல எனக்குப் பிடிச்சது ஒரு பகுதி: முன்னாடி கேட்டவங்கள்ல ஒருத்தர மறுபடி வரவழைச்சு, "நாங்க சொன்னது சரியா இருந்துச்சா?"ன்னு கேப்பாங்க. தப்புன்னா நேயர்கள் முன்னாடியே ஒத்துக்கணும். நம்ம நிகழ்ச்சியிலயும் இனிமே மாசம் ஒரு தடவை அது உண்டு. இன்னைக்கு நடந்தது முதல் தடவைன்னு வச்சுக்குங்க.

அடுத்த கேள்வி சமையல் கேள்வி மாதிரி இருக்கும், ஆனா இதுவும் அந்த ரேடியேட்டர் மூடிதான். கல்யாணமாகி ஊட்டிக்குப் போன ஒரு சகோதரி கேக்குறாங்க: "அம்மா வீட்டுல பாத்திரத்துலயே பருப்பு வேகும். இங்க எவ்வளவு நேரம் கொதிச்சாலும் வேக மாட்டேங்குது. உனக்குச் சமைக்கத் தெரியலைங்கறாங்க. தண்ணியில கோளாறா?"

இல்லம்மா, உங்க கையிலயும் கோளாறு இல்ல. ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேல போகப் போகக் காத்தோட அழுத்தம் குறையும், தண்ணி சீக்கிரமே கொதிச்சுடும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும்னு வச்சுக்கலாம். ஊட்டியில 93 டிகிரி பக்கத்துலயே தளதளன்னு கொதிக்கும். அடுப்ப எவ்வளவு தூக்கி வச்சாலும் சூடு அதுக்கு மேல ஏறாது, தண்ணிதான் வத்தும். குக்கர் வச்சா வெயிட் உள்ள அழுத்தத்த ஏத்தும், நம்ம ரேடியேட்டர் மூடி மாதிரியே. ஆனா அந்தக் கூடுதல் அழுத்தம் வெளிக்காற்று மேலதானே ஏறுது? அதனால சமவெளியில 120 டிகிரி வர்ற குக்கர் உங்க ஊர்ல 116 டிகிரி பக்கம்தான் வரும். அம்மா வீட்டுல மூணு விசில்னா அங்க நாலஞ்சு விடுங்க. இந்தப் பகுதிய வீட்டுல சத்தமா வச்சுக் கேட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. (மலை ஏறுற வண்டிக்கும் இதே கணக்கு. மேல போகப் போக ரேடியேட்டர் தண்ணியும் கொஞ்சம் முன்னாடியே கொதிக்கும்.)

மூணாவது, ஒரு வரிக் கேள்வி. "'முதலாமாண்டு'ன்னு சேத்து எழுதணுமா, 'முதலாம் ஆண்டு'ன்னு பிரிக்கணுமா?"

எனக்கு இலக்கணம்னா வாய் நீளும்னு உங்களுக்குத் தெரியும். மூணு நாள் கழிச்சு ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். மகர மெய்யோட ஆகாரம் சேர்ந்து 'மா' ஆகுது, ரெண்டு 'ம்' போட்டு 'முதலாம்மாண்டு'ன்னு எழுதினாத்தான் தப்பு, 'நினைவு' கூட 'அஞ்சலி' சேரும்போது உகரம் போய் 'நினைவஞ்சலி' ஆகுதுன்னு எல்லாம். ஒரு மணி நேரத்துல பதில் வந்துச்சு: "நன்றி சார். போஸ்டர் முந்தாநாளே ஒட்டியாச்சு. பிரிச்சுதான் போட்டோம். அப்பாவோடது. தப்பா ஆகிடலையே?"

அவர் கேட்டது அச்சகத்துல நின்னுக்கிட்டு. அப்பா படத்துக்குக் கீழ தோற்றம், மறைவு தேதி எல்லாம் போட்டாச்சு, மேல இந்த ஒரு சொல்தான் பாக்கி. ஆபரேட்டர் ஒண்ணு சொல்றார், மாமா ஒண்ணு சொல்றார். அவருக்கு வேண்டியது "ரெண்டும் சரி, உங்க இஷ்டம்"னு நாலே சொல்லுல ஒரு பதில், அதுவும் அப்பவே.

தம்பி, தப்பே இல்ல. பிரிச்சுப் போட்டதுதான் போஸ்டருக்கு நல்லதும்கூட. தூரத்துல இருந்து பாக்குறவங்களுக்குச் சட்டுனு படிக்க வரும்.

நேரம் ஆச்சு. ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது 'டக் டக்'னு சத்தம் வருதுன்னு ஒரு நேயர் கேட்டிருக்கார். சி.வி. ஜாயின்ட்டா இருக்கலாம். ஆனா இந்தத் தடவை நான் அவசரப்படல. ரெண்டு பக்கமும் வருதா, ஒரு பக்கம் மட்டுமா? வண்டி ஓடும்போதா, நிக்கும்போதுமா? உள் பக்கமா சக்கரத்துல கிரீஸ் தெறிச்சிருக்கா? பாத்துட்டு எழுதுங்க, அடுத்த வாரம் அதுலதான் ஆரம்பிக்கிறோம்.