உறுதியில்லாத கூரை

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

   

"சொந்த வீடு எல்லோருக்கும் கைகூடுமா?" என்ற பொருளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இக்கேள்வியைக் கேட்டவுடன் நாம் பணத்தைப் பற்றியே எண்ணுகிறோம். சீமெந்து என்ன விலை, மேசன் கூலி எவ்வளவு, வங்கி வட்டி எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறோம். அவை மெய்யான தொல்லைகளே. அத்திவாரத்தோடு நின்றுபோன வீடுகள் நம் ஊர்களில் உண்டு. ஆயினும், பணத்துக்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. கல்லை அடுக்குமுன் நிலம் வேண்டும். அந்த நிலத்தை என்னுடையது என்று சொல்ல உறுதி வேண்டும். உறுதி பெறும் வாயிலே அடைபட்டுக் கிடக்கும் மக்களிடம் சிக்கனத்தைப் போதித்து என்ன பயன்?

நான் குறிப்பிடுவது மலையகத் தோட்டத் தொழிலாளரை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே பிறந்து, அதிலேயே மணம் முடித்து, அதிலேயே கண்மூடிய தலைமுறைகளின் வாரிசுகள் அவர்கள். வாடகைக்கு இருப்பது இழிவன்று. வாடகைக்காரனுக்கு ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தம் மீறப்பட்டால் முறையிட நீதிமன்றம் உண்டு. ஆனால் லயத்தில் இருப்பவர் வாடகைக்காரருமல்லர், சொந்தக்காரருமல்லர். தோட்டத்தில் வேலை செய்வதனால் அங்கு தங்க விடப்பட்டவர், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாத காணிக் கைமாற்றம் செல்லுபடியாகாது. ஆகவே "இந்தக் காம்பரா உனக்குத்தான்" என்று துரை சொன்ன வாய்வார்த்தைக்கு மன்றில் மதிப்பில்லை. பிறர் காணியை எதிரிடையாகப் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டால் உரித்து உண்டாகும் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். வேலிச் சண்டைகளில் இதனை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆனால் அனுமதியின் பேரில் குடியிருப்பவருக்கு அந்தப் பத்தாண்டு ஓடாது. அரசுக்கு எதிராகவும் ஓடாது. நம்மூரில் பத்தாண்டில் பிறக்கும் உரித்து, மலையிலே நான்கு தலைமுறை வாழ்ந்தும் பிறக்கவில்லை!

இது தற்செயலாக நேர்ந்ததா? இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களைக் குடியுரிமையற்றோர் ஆக்கியது. அக்காலத்துக் குடியுரிமைச் சட்டங்களைப் பற்றிய பிணக்கிலேதான் செல்வநாயகம் அவர்கள் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறி, 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் அம்மக்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிட்டனர். நாடற்றோர் பிரச்சினையில் எஞ்சியிருந்ததைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அரசு காணி பங்கிட்டுக் குடியேற்றங்கள் அமைத்த காலமெல்லாம் இவர்கள் வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. ஆள்பவர் மாறினர், லயம் மாறவில்லை.

உறுதியில்லாமை வெறும் கடதாசிக் குறையன்று. அது உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு அபாயம் உண்டென்ற எச்சரிக்கை முன்னரே விடப்பட்டிருந்தது. ஆனால் "எழும்பிப் போ" என்று சொல்வது எளிது, எங்கே போவது? கால் வைக்கத் தமக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லாதவர் எங்கே போவார்? 2025 நவம்பரில் டித்வா புயல் வீசி மலைகள் சரிந்தபோதும் அதே கேள்வி மீண்டும் எழுந்தது.

நிலம் போதாது என்று சிலர் சொல்வர். கணக்குப் பார்ப்போம். புதிய வீட்டுத் திட்டங்களில் பேசப்பட்ட ஓர் அளவு குடும்பத்துக்கு 7 பேர்ச். நம் கணக்கில் அது ஒரு பரப்புக்கும் குறைவு! ஏக்கருக்கு 160 பேர்ச். ஆகவே 1,00,000 குடும்பங்களுக்கு வேண்டியது 4,375 ஏக்கர். பாதைக்கும் வாய்க்காலுக்கும் பொதுவிடங்களுக்குமாக இருமடங்கு வைத்தாலும் 8,750 ஏக்கர். இந்நாட்டின் தேயிலை நிலமோ நான்கு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. நூற்றுக்கு இரண்டரைப் பங்குக்கும் குறைந்த நிலத்தைக் கொடுத்தால் தேயிலை அழிந்துவிடுமா? குறைவு நிலத்திலன்று, மனத்திலேதான்.

இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் தொடங்கப்பட்டதையும், 2017 மே மாதத்தில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டதையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உறுதியில்லாமல் சாவியை மட்டும் கொடுப்பது, லயத்துக்குப் புதுச் சுவர் வைப்பதாகும். அந்த வீட்டை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்க முடியாது. மகளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

அன்பர்களே, இது தூரத்து மலையின் கதை என்று எண்ண வேண்டாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த நம்மவர், உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டைக் காணாமல் தவித்தனர். உறுதியிருந்தும் வீட்டை இழந்தவரின் வேதனை நமக்குத் தெரியும். வீட்டிலிருந்தும் உறுதியில்லாதவரின் வேதனை மட்டும் தெரியாமற் போகலாமா?

இன்னுமொன்று சொல்வேன், கசப்பானாலும் பொறுத்தருள்க. 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்த மலையக மக்கள் நம் வயல்களிலே களை பிடுங்கினர்; நம் தோட்டங்களுக்கு நீர் இறைத்தனர். அவர்களுள் இன்னமும் பிறர் காணியின் மூலையிலே, உறுதியின்றிக் கொட்டில் போட்டிருப்போர் உளர். கொழும்பை நோக்கிக் குற்றஞ்சாட்டும் நம் விரல், நம் வேலிக்குள்ளும் திரும்ப வேண்டாமா?

ஆகவே கேட்ட கேள்விக்கு என் விடை இது: எல்லோருக்கும் மாடி வீடு கைகூடாது. எல்லோருக்கும் கல்வீடுகூட ஒரே தலைமுறையில் கைகூடாமற் போகலாம். ஆனால் எவராலும் எழுப்ப முடியாத ஒரு துண்டு நிலமும், அதற்கொரு நொத்தாரிசு உறுதியும் எல்லோருக்கும் கைகூடும். அதற்கு வேண்டியது செல்வமன்று, சட்டமும் நீதியுணர்வுமே. மலையகக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும், கணவன் மனைவி இருவர் பெயரிலும், முழு உரித்துடன் உறுதி வழங்கப்பட வேண்டுமென்று அரசைக் கேட்போம். அதற்கு முன்னோடியாக, நெடுங்காலம் நம் காணியில் உழைத்த குடும்பத்துக்கு, இயன்றவர் ஒரு பரப்பாவது எழுதிக் கொடுப்போம். அந்த உறுதிகளைக் கட்டணம் பெறாது எழுதித் தருவது சட்டத்தரணிகளாகிய எங்கள் கடன். முதலாவது உறுதியை நாளையே கொண்டு வாருங்கள். என் மேசை காத்திருக்கும்.