காடும் நம் உடைமையே: கண்டு மகிழ்வோம், நலமாய்த் திரும்புவோம்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. பிள்ளைகள், “இவ்வாண்டு எங்கே போகிறோம்?” என்று கேட்கத் தொடங்கியிருப்பர். கடற்கரைக்குச் செல்வோரும் உண்டு. கோயில் பயணம் மேற்கொள்வோரும் உண்டு. இம்முறை தாமான் நெகாரா என்னும் தேசியப் பூங்காவுக்குச் செல்லலாம் என்று உங்கள் இளைஞர் மன்றத்தார் எண்ணுவதாக அறிகிறோம். நல்ல எண்ணம். அந்த எண்ணத்தை வரவேற்று, அங்கே காண வேண்டியவை யாவை, காக்க வேண்டியவை யாவை, நம்மை நாமே காத்துக்கொள்வது எவ்வாறு என்பன பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

“காட்டைப் பற்றி எங்களுக்கா சொல்ல வேண்டும்? விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரங்களுக்கிடையில் நடப்பவர்கள் அல்லவா நாங்கள்?” என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அந்த எண்ணத்தில் உண்மை உண்டு. பாம்பும் அட்டையும் கொசுவும் மழையும் உங்களுக்குப் புதியவை அல்ல. ஆயினும் அதே எண்ணத்தில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. இரப்பர்த் தோட்டத்தில் மரங்கள் நிரை நிரையாக நிற்கின்றன. எந்த நிரையைப் பிடித்து நடந்தாலும் ஒரு பாதைக்கோ சாலைக்கோ வந்து சேர்ந்துவிடலாம். இயற்கைக் காட்டில் நிரை இல்லை. பாதையை விட்டு ஐம்பது அடி விலகினால், வந்த வழி எது, போகும் வழி எது என்று தெரியாது. தோட்டத்தில் பழகிய கண் காட்டிலும் உதவும் என்று நம்பி வழி தவறுவோர் உண்டு. இதனை முதலில் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

பூங்கா பிறந்த வரலாறு

தாமான் நெகாரா, பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். மலாக்கா, பினாங்கு, பெர்லிஸ் ஆகிய மூன்று மாநிலங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த அளவுக்கு ஈடாகா. தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான சிகரமாகிய குனோங் தஹான், 2,187 மீட்டர் உயரத்தில், அதனுள்ளேதான் நிற்கிறது.

இந்தக் காடு தானாகத் தப்பிப் பிழைத்ததன்று. இரப்பருக்காகவும் ஈயத்துக்காகவும் நாடெங்கும் காடுகள் அழிந்து வந்த காலத்தில், 1925ஆம் ஆண்டில் குனோங் தஹான் பகுதி முதன்முதலாக வனவிலங்குக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. தியோடர் ஹப்பேக் என்பவர் ஒரு காலத்தில் வேட்டைக்காரராக இருந்தவர், தோட்டத்துறையிலும் ஈடுபட்டவர். விலங்குகள் அருகி வருவதைக் கண்ட அவரே பின்னர் அவற்றைக் காக்க இடைவிடாது வாதாடினார். மூன்று மாநிலச் சுல்தான்களும் இசைந்ததன் பயனாக, 1938, 1939ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் பூங்கா அமைந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர் தாமான் நெகாரா என்னும் இன்றைய பெயரைப் பெற்றது.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது காட்டைத் திருத்தி மரம் நட்டார்கள். அவர்களுடைய உழைப்பால் தோட்டங்கள் எழுந்தன. அவர்கள் அன்று கண்ட காடு எப்படி இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டுமாயின், அவர்களை அழைத்துச் சென்று காட்டத் தக்க இடம் இதுவே.

காண வேண்டியவை

ஜெராந்துட் நகருக்கு அருகிலுள்ள குவாலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து, தெம்பெலிங் ஆற்றில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் படகில் சென்றால், பூங்காவின் தலைமையிடமாகிய குவாலா தஹானை அடையலாம். பயணம் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இப்போது சாலை வழியாகவும் செல்ல முடியும். மெராப்போ, குவாலா கோ, கென்யிர் ஏரிக்கரையிலுள்ள தஞ்சோங் மெந்தோங் ஆகிய இடங்களிலும் நுழைவாயில்கள் உள்ளன.

அந்த ஆற்று வழியே ஒரு வரலாற்று ஏடு எனலாம். தெம்பெலிங் பள்ளத்தாக்கில் பழங்கால மக்கள் தீட்டிப் பயன்படுத்திய கற்கருவிகள் கிடைத்துள்ளன. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின், பண்டைய வெண்கல முரசு ஒன்றின் பகுதியும் அக்கரையில் வெளிப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துப் பகாங்கில் 1891இல் எழுந்த கிளர்ச்சியின்போது, தத்தோ பஹாமான், தோக் காஜா, அவருடைய மகன் மாட் கீலாவ் ஆகியோர் இக்காடுகளையே அரணாகக் கொண்டனர். 1894ஆம் ஆண்டு ஜூன் மாதம் குவாலா தெம்பெலிங் காவல் நிலையத்தை அவர்கள் தாக்கினர். அங்கே காவல் புரிந்து உயிர் நீத்தவர்கள், பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த சீக்கியக் காவலர்கள். மாட் கீலாவ் தம் பெயரை மறைத்து நெடுங்காலம் வாழ்ந்து, 1969இன் இறுதியில் தம்மை வெளிப்படுத்தி, 1970ஆம் ஆண்டு மறைந்தார். படகில் அமர்ந்து செல்லும்போது பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். பாடநூலில் படித்தது அவர்கள் கண்முன் உயிர்பெறும்.

விலங்குகளைப் பொறுத்தவரை, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இது விலங்குக் காட்சிசாலை அன்று. யானையும் புலியும் செலாடாங்கும் வரிசையாக வந்து நிற்கமாட்டா. அவை உள்ளன, ஆயினும் நம் பேச்சொலி கேட்டதும் விலகிவிடும். அமைதியாக இருப்போர்க்கே காடு தன்னைக் காட்டும். ‘பும்புன்’ என்று வழங்கப்படும் மறைவிடக் குடில்களில் இரவில் ஓசையின்றிக் காத்திருந்தால், மானையோ, முன்பாதி கறுத்தும் இடை வெளுத்தும் தோன்றும் தாப்பிரையோ காணும் வாய்ப்பு உண்டு. பகலில் தலைக்கு மேலே காற்றைக் கிழிக்கும் சிறகொலி கேட்டால் அண்ணாந்து பாருங்கள். அது பெரும்பாலும் இருவாய்ச்சிப் பறவையாக இருக்கும். மரவுச்சியில் தொங்கும் நடைபாலம் ஏறக்குறைய 40 மீட்டர் உயரம் வரை செல்வது. அது பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதும் உண்டு. ஆகவே புறப்படுமுன் கேட்டறிந்து செல்லுங்கள்.

பூங்காவுக்குள் பாத்தேக் என்னும் ஓராங் அஸ்லி மக்கள் வாழ்கின்றனர். பூங்கா அமைவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்காடு அவர்களுக்கு வீடு. அவர்கள் குடியிருப்புக்குச் செல்வோர், பிறர் வீட்டுக்குள் செல்பவர் போலவே நடந்துகொள்ள வேண்டும். கேளாமல் படம் எடுத்தல் முறையன்று. நம் லயத்து வாசலில் யாரோ வந்து நின்று, கேளாமல் நம் பிள்ளைகளைப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

நம்மைக் காத்துக்கொள்ளும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றுடன் நாம் ஒரு நீர்வீழ்ச்சிக்குச் சென்றிருந்தோம். வானம் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் நீரில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தனர். நம்முடன் வந்திருந்த ஒரு முதியவர், நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர், பாறைமீது அமர்ந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென எழுந்து, “எல்லாரும் மேலே ஏறுங்கள்!” என்று கூவினார். தெளிந்த நீர் கலங்கியதையும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்ததையும் அவர் கண்டிருந்தார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறினோம். கடைசிப் பிள்ளை கரையேறிச் சிறிது நேரத்துக்குள் பழுப்பு நிறப் பெருவெள்ளம் இரைந்து வந்து, நாங்கள் நின்ற பாறையை மூடியது. அங்கே வைத்திருந்த சோற்றுப் பானையும் பாயும் போயின. பிள்ளைகள் அனைவரும் பிழைத்தனர்.

மலாய் மொழியில் இதனைக் ‘கெப்பாலா ஆயேர்’ என்பர். மலைமேல் பெய்த மழை ஒன்று திரண்டு, கீழே வெயில் அடிக்கும்போதே வந்து தாக்குவது. நீர் நிறம் மாறினாலும், சருகு மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும், பொருளைத் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றின் ஓட்டத்தோடு போட்டியிட்டு ஓடாதீர்கள், பக்கவாட்டில் ஏறுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரை இப்பயணத்தைத் தவிர்த்தல் நலம்.

மற்றவற்றையும் சுருக்கமாகக் கூறுகிறோம்.

படகில் ஏறியதும் உயிர்காப்பு அங்கியை அணிந்து, வாரை இறுக்கிக் கட்டுங்கள். நீந்தத் தெரிந்தவர்க்கும் இது பொருந்தும்.

பூங்கா அலுவலகத்தில் அனுமதி பெற்று, செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். குனோங் தஹான் ஏற வழிகாட்டி கட்டாயம். காட்டுக்குள் கைப்பேசி பல இடங்களில் வேலை செய்யாது.

காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடுவது போல, புறப்படும்போதும் ஒவ்வொரு தங்குமிடத்திலும் தலைகளை எண்ணுங்கள். முன்னே ஒரு பெரியவர், பின்னே ஒரு பெரியவர், நடுவே பிள்ளைகள் என நடப்பது நல்லது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஓர் ஊதல் இருக்கட்டும். வழி தவறிவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், ஊதலை ஊத வேண்டும், அலைந்து திரியக் கூடாது என்று பயிற்றுவியுங்கள்.

ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமல் பருகாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் உள்ளோர் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்குதல் ஆகாது. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு பரப்பும் மலேரியா இந்நாட்டில் 2018 முதல் உள்நாட்டில் தோன்றவில்லை. ஆயினும் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா இன்றும் உண்டு, உயிரையும் வாங்கக்கூடியது. ஆகவே நீண்ட கையுள்ள சட்டை அணியுங்கள். கொசு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். பயணம் முடிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், மருந்துக்கடை மாத்திரையோடு நிற்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். “காட்டுக்குப் போய் வந்தோம்” என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கலாம்.

அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்புறத்தைத் தள்ளி எடுத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். இன்று கொடுத்தால் நாளை அது பிடுங்கும். யானையின் புதிய சாணத்தையோ ஒடிந்த கிளைகளையோ கண்டால், வந்த வழியே அமைதியாகத் திரும்புங்கள்.

காட்டைக் காக்கும் கடமை

நிறைவாக ஒன்று. 1950களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்தன என்று மதிப்பிட்டனர். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. நம் நாட்டின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் சபாவில் இறந்தது. இனி அதனை நம் பிள்ளைகளுக்குப் படத்தில்தான் காட்ட முடியும். புலிக்கும் அந்நிலை வரலாகாது.

காட்டோரத் தோட்டங்களில் சில வேளைகளில் வெளியாள் வந்து, “இந்தக் கம்பிச் சுருக்கை அங்கே வைத்துவிடு, நல்ல பணம் தருகிறேன்” என்று கேட்பதுண்டு. பணமுடையில் இருப்பவர்க்கு அது ஆசை காட்டும். ஆனால் கேட்டவன் அகப்படமாட்டான், வைத்தவனே அகப்படுவான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்ட பின், கடுமையான குற்றங்களுக்குப் பத்து இலட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. ஒரு சுருக்கில் சிக்குவது விலங்கு மட்டுமன்று. ஒரு குடும்பமும் சிக்கிக்கொள்கிறது. அப்படி யாரேனும் அணுகினால், வனவிலங்குத் துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள்.

அன்பர்களே! ஒரு பால்மரத்தை ஆழமாக வெட்டிக் காயப்படுத்தினால் பட்டை கெடும், பால் குறையும் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? அந்த அறிவையே காட்டுக்கும் கொண்டு செல்லுங்கள். செடியைப் பிடுங்காமல், மரத்தில் பெயர் செதுக்காமல், கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். மூன்று மாநிலங்களில் பரந்த அந்தக் காட்டில், பிறருக்கு உள்ள உரிமை அனைத்தும் உங்களுக்கும் உண்டு. உரிமையோடு செல்லுங்கள், பொறுப்போடு நடந்துகொள்ளுங்கள். பேருந்து தோட்டத்துக்குத் திரும்பும்போது, புறப்பட்ட அன்று எண்ணிய அத்தனை தலைகளும் அதில் இருக்கட்டும்.