எச்சிலில் இருக்கும் அமானிதம்

 

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் உரைத்து, அனுமதி கிடைத்த பின்னரே உள்ளே நுழைய வேண்டும். கிடைக்காவிட்டால் மனத்தாங்கல் இன்றித் திரும்பிவிட வேண்டும். அந்நூர் அத்தியாயம் கற்பிக்கும் இவ்வொழுக்கத்தை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆனால் இன்று, வாசற்கதவைத் தொடாமலேயே ஒரு குடும்பத்தின் உள்ளறைவரை செல்லும் வழியொன்று திறந்திருக்கிறது. அதைத் திறந்துவிடுபவர் அந்நியர் அல்லர், அக்குடும்பத்தின் பிள்ளையே!

தபாலில் ஒரு சிறு பெட்டி வருகிறது. அதிலுள்ள குழாயில் எச்சிலை நிரப்பித் திருப்பி அனுப்பினால், சில வாரங்களில் கைப்பேசிக்கு அறிக்கை வந்துவிடும். முன்னோர் எப்பகுதியினர், எந்நோய் வர வாய்ப்புண்டு, உலகில் எங்கெங்கே இரத்த உறவினர் இருக்கிறார்கள் என்றெல்லாம் அது சொல்லும். அமெரிக்காவின் 23அண்ட்மீ, ஆன்செஸ்ட்ரி போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. நம் நாட்டிலும் ஹைதராபாத்தின் மேப்மைஜீனோம் போன்றவை இத்தகைய பரிசோதனைகளை விற்கின்றன. இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வெளிநாடு சென்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத பொருளன்று.

எதற்காக இந்த ஆவல்? நம் மூதாதையர் அரபியரா, துருக்கியரா என்று அறிந்துகொள்ளவாம்! அரபியர் என்பதால் அரபியர் அல்லாதாரை விட எவருக்கும் மேன்மை இல்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜின் பேருரையில் தெளிவுபடுத்திய பிறகும், குழாயில் எச்சில் நிரப்பிக் கோத்திரம் தேடுவது வீண் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அறிவைத் தேடுவது தவறென்று நான் சொல்ல வரவில்லை. நமக்கு அண்மையில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தவர் ஒருவரின் இரத்தத்தில் 'எம் 130' என்னும் மரபணுக் குறியைக் கண்டறிந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்து ஆஸ்திரேலியாவரை பரவிய ஆதி மனிதர்களின் சுவடு அது. ஆதமின் மக்கள் அனைவரும் ஒரே குடும்பத்தினர் என்று நம்பும் நமக்கு அது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அக்குறி தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வருவது. எனவே அந்த ஒருவரைப் பற்றி அறிந்தது, அவருடைய உடன்பிறந்த சகோதரர்களையும் சிறிய தந்தையரையும் ஆண் மக்களையும் பற்றி அறிந்ததே ஆகும். அவருடைய பெயரும் படமும் பத்திரிகைகளில் வெளிவந்தன. நான் இங்கே அப்பெயரை எழுதவில்லை. காரணம் உங்களுக்கு விளங்கும்.

நான் சொல்ல வந்தது இதுவே: உங்கள் மரபணு உங்களுக்கு மட்டும் உரியதன்று. உடன்பிறந்தாருடன் ஏறத்தாழப் பாதியும், சச்சா, மாமு பிள்ளைகளுடன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கும் பொதுவானது. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே மணம் முடிக்கும் நம் ஊர்களில் இந்தப் பங்கு இன்னும் கூடும். ஒரு தெருவில் ஒருவர் எச்சிலைக் கொடுத்தால், அத்தெருவே ஓரளவு தன்னைக் கொடுத்துவிட்டது என்று பொருள்.

2018 ஏப்ரலில், கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாகத் தேடப்பட்ட கொடிய கொலையாளி ஒருவன் பிடிபட்டான். அவன் எந்தத் தளத்திலும் தன் மரபணுவைப் பதிந்தவனல்லன். அவனுடைய தூரத்து உறவினர்கள் 'ஜெட்மேட்ச்' என்னும் தளத்தில் தங்கள் விவரங்களை இட்டிருந்தனர். அந்த நூலைப் பிடித்தே காவல்துறை அவனை அடைந்தது. கொலையாளி பிடிபட்டதில் வருத்தமில்லை. ஆனால் அதே நூல், குற்றமே செய்யாத உங்கள் வீட்டுக்கும் வரும் அல்லவா?

2023 அக்டோபரில் 23அண்ட்மீயில் நடந்த திருட்டு வெளியே தெரிந்தது. திருடர்கள் நுழைந்த கணக்குகள் ஏறத்தாழ 14,000 மட்டுமே. அக்கணக்குகளின் உறவினர் பட்டியல் வழியாக அவர்கள் எடுத்துச் சென்றதோ ஏறத்தாழ 69 லட்சம் பேருடைய விவரங்கள்! யூத வம்சாவளியினர், சீன வம்சாவளியினர் என்று தனித்தனிப் பட்டியல்களாக அவை விற்பனைக்கு வைக்கப்பட்டன. இனவாரியான பட்டியல் யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்பதைச் சிறுபான்மையினராகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற இயலுமா?

அந்நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு தாக்கல் செய்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்களின் மரபணு விவரங்கள், கடையின் சரக்கைப் போல ஏலத்திற்கு வந்தன. ரெஜெனரான் என்னும் மருந்து நிறுவனம் 25.6 கோடி டாலர் தர முன்வந்தது. முடிவில், நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன் வோஜிட்ஸ்கியின் இலாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. இம்முறை பழைய கைக்கே போயிற்று. அடுத்த முறை யாருடைய கைக்கோ! நிறுவனங்களின் ஆயுள் குறைவு. நாம் கொடுத்த விவரமோ நம் பேரப் பிள்ளைகளின் காலத்திலும் உண்மையாகவே இருக்கும்.

நம் நாட்டுச் சட்டம் காக்காதா என்று கேட்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் மரபணுவை அச்சட்டம் தனி வகையாகப் பிரித்துக் காக்கவில்லை. ஒப்புதல் தருபவர் ஒருவர் போதும். அவருடைய உறவினரைக் கேட்க வேண்டும் என்றும் அதில் இல்லை.

நம் மார்க்க அறிஞர்கள் இதை முன்பே சிந்தித்தார்கள். ராபிதாவின் இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை 2002 ஜனவரியில் மக்காவில் கூடி மரபணுச் சோதனை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு தனிமனிதருடையதோ ஒரு சமூகத்தினுடையதோ ஆன மரபணுத் தொகுதியை விற்பதும் கூடாது, இலவசமாகக் கொடுப்பதும் கூடாது என்று அது தடுத்தது. நிலைபெற்ற வம்சாவளியைச் சரிபார்க்கும் நோக்கில் இச்சோதனையை நாடுவதையும் தடுத்தது. எதற்காக? விளையாட்டாக அனுப்பிய எச்சில், ஒரு தாயின் கற்பின் மீதும் ஒரு பிள்ளையின் நஸபின் மீதும் சந்தேகத்தை ஏவிவிடக்கூடும். அந்தத் தீயை யார் அணைப்பது?

இதைக் கேட்டுவிட்டு மருத்துவரை நாடாமல் இருந்துவிடாதீர்கள். சொந்தத்தில் மணம் முடிப்போர் தலசீமியா போன்ற நோய்களுக்காக மருத்துவரின் ஆலோசனைப்படி இரத்தம் பரிசோதிப்பது விவேகம். அதன் முடிவு மருத்துவருக்கும் உங்களுக்கும் இடையில் இருக்க வேண்டும். சம்பந்தம் பேச வந்தவர்களின் கையில் அல்ல. பெண் வீட்டாரிடம் நகைப் பட்டியலோடு மரபணு அறிக்கையும் கேட்கும் நாள் வந்தால், அதன் சுமையும் நம் பெண் மக்களின் தலையில்தான் விழும்.

இதுவரை அனுப்பாதவர்கள், அனுப்புமுன் அத்தா, அம்மாவிடமும் உடன்பிறந்தாரிடமும் அனுமதி கேளுங்கள். ஒருவர் மறுத்தாலும் விட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகளின் எச்சிலை ஒருபோதும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள், உறவினரைக் காட்டும் வசதியை முதலில் நிறுத்துங்கள். பின்னர் கணக்கை நீக்கவும், வைத்திருக்கும் எச்சிலை அழிக்கவும் எழுத்து மூலம் கோருங்கள். ஆராய்ச்சிக்கு ஒப்புதல் அளித்திருந்தால் அதையும் திரும்பப் பெறுங்கள். முடிந்துபோன ஆராய்ச்சிகளில் சேர்ந்துவிட்ட விவரங்களை மட்டும் திரும்பப் பெற முடியாது. ஆகவே தாமதிக்காதீர்கள்.