மூன்று வாசல் வீடு

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீதி. பால்வெட்டுத் தொழிலாளிக்கும் கிராணிக்கும் இதுதான் விதி என்று எத்தனை காலம் இருப்பது? மூட்டை கட்டும் நாள் வருமுன் சொந்தக் கூரை வேண்டும். அந்தக் கூரையே முதுமையில் சோறும் போட வேண்டும். ஆகவேதான் சொல்கிறேன்: மனை உள்ளவர்கள் ஒரே வரிசையில் மூன்று வாசலாகக் கட்டுங்கள். ஒன்றில் குடியிருங்கள், இரண்டை வாடகைக்கு விடுங்கள்.

முதலில் கிராண்டைப் பாருங்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என வகுக்கிறது. விவசாய நிலமானால், வாடகை வீடுகள் எழுப்புமுன் நில இலாகாவில் வகை மாற்ற வேண்டும். பிறகு நகராண்மைக் கழகம் பிளானை ஒப்புக்கொள்ள வேண்டும். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்னும் தரகனை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு எங்கே போவது? 1951இல் பிறந்த சேமநிதி இருக்கிறது. 55 வயதுக்குட்பட்டவர் கணக்கில், 2024 மே முதல், சேரும் 100 வெள்ளியில் 75 முதுமைக்கு, 15 வீடு போன்ற தேவைகளுக்கு, 10 அவசரத்துக்கு. அந்தப் பதினைந்தின் சேர்க்கையில் எவ்வளவு எடுக்கலாம் என்று நேரில் கேட்டறிந்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

மீதியைக் கடன் வாங்குவோர் கணக்கைக் கூட்டிப் போடாதீர்கள். வீட்டுக்கு 400 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டுக்கு வருடம் 9,600. ஆனால் பத்து மாதத்தை மட்டும் எழுதுங்கள்: 8,000. மற்ற இரண்டு மாதம் பழுதுக்கும் ஆளில்லாக் காலத்துக்கும். வருமான வரிக் கணக்கிலும் வாடகையைக் காட்ட வேண்டும்.

தோழர்களே! பழைய லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் வரிசையே விழிக்கும். நாம் கட்டுவது இன்னொரு லயமாகலாமா? நடுச்சுவர் எட்டு அங்குலக் கனத்தில் கூரைக்கு மேலும் எழும்பட்டும். தீயும் தாண்டாது, பேச்சும் தாண்டாது. வாசலுக்கு வாசல் குழாய், கழிப்பறை, மின்சார மீட்டர் தனித்தனியாக இருக்கட்டும்.

ஒப்பந்தத்தை எழுதி, முத்திரைவரி கட்டி, ஒரு படியைக் குடியிருப்பவர் கையில் கொடுங்கள். வாடகைக்கு ரசீது கொடுங்கள். நாளைக்கே காலி செய் என்ற சொல் எப்படிச் சுடும் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சொல் நம் வாயிலிருந்து வரவேண்டாம்.