சிறைக்கூடத்தில் தத்துவ விசாரணை



 கைதிகளுக்குத் தத்துவம் கற்பிப்பது, சமயச் சார்பின்றி அவர்களை நல்வாழ்வுக்கு மீட்கும் மார்க்கமாகுமா என்பதே இம்மாநாட்டில் நாம் ஆராயப் புகுந்திருக்கும் விஷயம். இக்கேள்வி அமெரிக்க நாட்டில் மிகக் கூர்மையாக எழுந்திருப்பதால், என் உதாரணங்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

குற்றவாளியைத் தண்டிப்பதோடு நில்லாமல் திருத்தவும் வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் பெரிதும் பக்தியின் வயிற்றில் பிறந்தது. பிலடெல்பியா நகரில் 1829-இல் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலையில், ஒவ்வொரு கைதியும் தனியறையில் அடைபட்டு, கையில் விவிலியமும் தலைக்குமேல் ஓர் ஒளித்துளையும் அன்றி வேறு துணையின்றி ஆண்டுகளைக் கழிப்பானாகில், பச்சாத்தாபம் தானே உதிக்கும் என்று அதை நிறுவிய நல்லோர் மெய்யாகவே நம்பினார்கள். 1842-இல் அதைப் பார்வையிட்ட சார்லஸ் டிக்கன்ஸோ, உடலை வதைப்பதினும் இத்தனிமை கொடியது என்று கண்டித்தெழுதினார். நிறுவியவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. மனம் திருந்துவதற்குப் பிறரோடு பேசவும், பிறர் சொன்னதை மறுக்கவும் இடம் வேண்டும் என்பதையே அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

சென்ற நூற்றாண்டின் இறுதியில், சமயத்தின் வழியே கைதிகளைத் திருத்தும் இவ்விவகாரம் நியாயஸ்தலங்களை எட்டியது. கடவுள் நம்பிக்கையற்ற கைதி ஒருவர், தம் குடும்பத்தாரோடு தங்கும் சலுகையைப் பெறவேண்டுமானால், தெய்வத்திடம் சரணடையச் சொல்லும் குடிமறப்புக் கூட்டங்களுக்குச் சென்றே தீரவேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று நியூயார்க் மாநிலத் தலைமை நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அயோவா மாநிலச் சிறையொன்றில் அரசாங்கப் பணத்தின் உதவியோடு நடந்த கிறிஸ்தவச் சீர்திருத்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2006-இல் மாவட்ட நீதிமன்றம் கூறிய முடிவை, 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. சமயத்தால் திருந்தியவர் எவருமிலர் என்று இத்தீர்ப்புகள் சொல்லவில்லை. ஒருவனுடைய உடலைக் காவலில் வைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டேயொழிய, சலுகையைக் காட்டி அவனுடைய நம்பிக்கையை விலைபேசும் அதிகாரம் இல்லை என்பதே அவற்றின் சாரமாக நான் கொள்வது.

அங்ஙனமாயின் தத்துவம் எவ்வகையில் வேறுபட்டது? உபதேசி முடிவோடு வருகிறார். தத்துவ ஆசிரியர் கேள்வியோடு வருகிறார். தீசியஸின் கப்பல் என்னும் பழைய கிரேக்கப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் ஆதிப் பலகை ஒன்றுகூட இல்லாமற்போனால், அது அதே கப்பல்தானா? கல்லூரி மாணவனுக்கு இது புத்தி சாதுரியத்துக்கு ஒரு பயிற்சி. இருபது வயதில் கொலை செய்து, நாற்பத்தைந்து வயதிலும் சிறையிலிருப்பவனுக்கோ இது தன் வாழ்வைப் பற்றிய வழக்கு. அன்று செய்தவனே இன்று இருப்பவன் என்ற கொள்கையின்மேல் தண்டனை நிற்கிறது. இவன் அவனல்லன் என்று சொல்லும் நாளைச் சீர்திருத்தம் எதிர்நோக்குகிறது. "நான் மாறிவிட்டேன்" என்று ஒருவன் சொன்னால், "அப்படியானால் அன்று நடந்ததற்குப் பொறுப்பாளி யார்?" என்று பக்கத்தில் இருப்பவன் கேட்கலாம். அதிகாரி கேட்டால் இது விசாரணை; பாதிரியார் கேட்டால் பாவமன்னிப்பு; சக கைதி கேட்கும்போதுதான் இது தத்துவமாகிறது. காரணம் கேட்கவும் காரணம் சொல்லவும் தகுதியுடையவனாக ஒருவனை மதிப்பதே இக்கல்வியின் முதற்பயன். பால்டிமோரில் மேரிலாண்ட் சிறையில் கற்பித்த பேராசிரியர் ட்ரூ லேடர், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஃபூக்கோ முதலியோரைப் பற்றி அங்கு நிகழ்ந்த சம்பாஷணைகளை 2000-இல் நூலாக்கியபோது, கைதிகளின் பெயர்களையும் ஆசிரியர் வரிசையில் சேர்த்தது இம்மதிப்பின் பிரத்யட்சச் சான்று.

ஆயினும் உற்சாகத்தில் அளவு மீறலாகாது. சிறையில் கல்வி பெற்றோர் மீண்டும் குற்றத்தில் வீழும் சாத்திய விகிதம் 43 சதவீதம் குறைவு என்று ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் 2013-இல் கணித்தது எல்லாவகைச் சிறைக் கல்வியையும் பற்றியது. அதைத் தத்துவத்தின் கணக்கில் மட்டும் வரவு வைத்துக்கொள்வது நியாயமன்று. மேலும், விரும்பிப் படிக்க வருபவன் முன்னரே பாதி மாறியவனாக இருக்கவுங்கூடும்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. தத்துவ வகுப்புக்கு வந்தவனுக்கே முன்விடுதலை என்று நாளை ஓர் உத்தரவு பிறக்குமானால், கைதி அதிகாரிகள் விரும்பும் விடையை ஒப்பிக்கக் கற்பான். சாக்ரடீஸின் பெயரால் நடப்பினும் அதுவும் நிர்ப்பந்த மதமே. நீதிமன்றங்கள் சமயத்துக்கு விதித்த எல்லையை, நாம் தத்துவத்துக்கு நாமே விதித்துக்கொள்ள வேண்டும்: வருவதும் வராததும் கைதியின் இஷ்டம், வகுப்பில் பேசியது அவனுடைய நடத்தைப் பதிவேட்டில் ஏறலாகாது, எந்த முடிவுக்கு வந்தாலும், ஏன், தண்டனையே அநியாயம் என்று வாதித்தாலும், அவனுக்குத் தீங்கு நேரலாகாது. இந்த ஏற்பாட்டைச் சிறையின் கட்டுக்காவலோடு எவ்வாறு பொருத்துவது என்பதற்குச் சிறைத்துறை அன்பர்களின் அனுபவமே வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.