நக்கவாரத்தின் தரங்கம்பாடிக் காலம்: கருத்தரங்கத் தலைமை உரை

ஷாதிபூரில் கூடியுள்ள இக்கருத்தரங்குக்குத் தலைமை தாங்குவது எவருக்கும் பெருமை தருவதே. ஆயினும் தொல்லியல், கல்வெட்டியல், மானிடவியல், ஆவணவியல் ஆகிய துறைகளைச் சேர்ந்தோர் ஒரே அவையில் அமர்ந்திருக்க, தொன்மைக் காலம் முதல் இன்று வரையிலான அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் வரலாறு என்னும் விரிந்த பொருளில் தொடக்கவுரை ஆற்றுவது சற்று அச்சத்துக்கும் உரியது. எப்பக்கம் திரும்பினாலும் அப்பகுதியை நன்கறிந்த ஒருவர் எதிரில் இருக்கிறார்.

அவையோர் அறிந்ததை விரித்துரைக்கத் தேவையில்லை. உண்டு கழித்த சிப்பிகளும் எலும்புகளும் பானைச் சில்லுகளும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து உருவான சிப்பி மேடுகள், சௌல்தாரியில் நிகழ்ந்த அகழாய்வாலும் பின்னர் ஜரின் கூப்பரின் ஆய்வுகளாலும், அந்தமானில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்ததை நிறுவியுள்ளன. ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789இல் அமைத்த குடியேற்றம் நோயால் 1796இல் கைவிடப்பட்டதும், 1858 மார்ச்சில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியதும், 1859இன் அபர்டீன் போரும், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையும், 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியும், 1956இல் ஒன்றியப் பகுதியானதும், 2004இன் ஆழிப்பேரலையும் பாடநூல்களிலேயே இடம்பெற்றவை. இலங்கைக்கு மகாவம்சம் வாய்த்ததுபோல் இத்தீவுகளுக்குத் தொடர்ச்சியான பழைய வரலாற்று நூல் எதுவும் வாய்க்கவில்லை என்பதும், எனவே இவற்றின் வரலாறு பெரும்பாலும் கடந்து சென்றவர்கள் எழுதியதாகவே இருக்கிறது என்பதும் அவ்வாறே அறியப்பட்டவை.

ஆனால் கருத்தரங்கின் தலைப்பு அந்தமானையும் நிக்கோபாரையும் ஒரே வரலாறு உடையனவாகக் கொள்வதை அவ்வளவு எளிதாக ஏற்க இயலாது. பத்து டிகிரி கால்வாய் எனப்படும், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள கடற்பரப்பின் இருபுறமும் வாழ்ந்த மக்கள் மொழியாலும் வாழ்முறையாலும் வேறுபட்டவர்கள். நிக்கோபார் மொழிகள் மான், கெமர் மொழிகளை உள்ளடக்கிய ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தமான் மொழிகளுக்கு அக்குடும்பத்தோடு உறவில்லை. இரு தீவுக்கூட்டங்களும் ஒரே ஆட்சி அலகாக, ஒரு தலைமை ஆணையரின் கீழ் இணைக்கப்பட்டது 1872இல்தான். நிர்வாக வசதிக்காகப் போடப்பட்ட இந்த முடிச்சைப் பின்னோக்கி இழுத்துச் சென்று சோழர் காலத்திலும் கட்டிவிடுவது தமிழ் ஆய்வுலகின் நெடுநாள் வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கத்தின் தோற்றுவாய், அரசனின் வெற்றிகளைக் கல்வெட்டின் முகப்பில் செய்யுள் நடையில் தொகுத்துரைக்கும் மெய்க்கீர்த்தி என்னும் பகுதியாகும். 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைப் பாடும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, பத்துக்கும் மேற்பட்ட இடங்களின் வரிசையில் மாநக்கவாரத்தையும் கூறுகிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தஞ்சைக் கல்வெட்டில் வரும் இப்பெயர் நிக்கோபாரைக் குறிப்பதெனக் கல்வெட்டறிஞர் வெங்கையா சுட்டினார். பின்னர் வரலாற்றறிஞர் செதேஸ் 1918இல் ஸ்ரீவிஜயம் என்னும் பேரரசை மீட்டுக் காட்டியதும், அவ்வரிசையின் பிற பெயர்கள் பலவும் தமக்குரிய நிலவரைபடத்தில் பொருந்தின. இதுவரை எவருக்கும் மாறுபாடில்லை.

மாறுபாடு அதற்குமேல் கட்டப்பட்ட மாடங்களைப் பற்றியது. மெய்க்கீர்த்தி சொல்வது நக்கவாரத்தை மட்டுமே. அந்தமானைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நக்கவாரமும் வென்ற இடங்களுள் ஒன்றாகப் பட்டியலிடப்படுகிறதேயன்றி, அங்கே நிலைப்படை இருந்ததாகவோ மரக்கலத் துறை அமைக்கப்பட்டதாகவோ கூறப்படவில்லை. அவ்வாறிருந்தும் அந்தமான் சோழர் கடற்படைத் தளம் என்னும் கூற்று மேடைதோறும் வளர்ந்து, 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றபோது அரசு அறிவிப்பிலும் இடம்பெற்றது. பெயர் சூட்டுவது அரசின் உரிமை. ஆனால் இராசேந்திரன் எதிர்த்துப் படையெடுத்த பேரரசின் பெயரையே நினைவூட்டும் ஒரு பெயருக்குச் சோழர் புகழே ஆதாரமாகக் காட்டப்படும்போது, கல்வெட்டறிஞர்கள் வாளாவிருந்தது வியப்புக்குரியது.

இதனோடு ஒட்டி, மணிமேகலையின் ஆதிரை கதையில் சாதுவன் கலம் உடைந்து கரையேறும் நாகர் நாட்டை நக்கவாரமெனக் கொள்ளும் மூத்த அறிஞர் சிலரின் முடிபையும், அவர்தம் புலமைக்குரிய மதிப்பைக் குறைக்காமலே, மறுக்க வேண்டியுள்ளது. காப்பியத்து நாகர் மனித ஊன் உண்பவர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சீனத் துறவி இத்சிங்கோ, நிக்கோபாராகக் கருதப்படும் தீவினர் படகுகளில் தேங்காயுடன் வந்து கப்பலைச் சூழ்ந்து, மாற்றாக இரும்பை மட்டுமே விரும்பிக் கேட்டதாகக் குறிக்கிறார். 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபுக் குறிப்பும் இத்தீவினரை இரும்புக்குப் பண்டமாற்றுச் செய்பவராகவே காட்டுகிறது. மனிதரை உண்பவர் என்னும் பழியை அது அந்தமான் மீது சுமத்துகிறது. ஆடையின்மை என்னும் ஒரே ஒப்புமையை வைத்துக்கொண்டு ஒரு வணிகச் சமுதாயத்தை நரமாமிசம் உண்போராக்குவது காப்பியத்துக்கும் நீதியன்று, நிக்கோபாரியருக்கும் நீதியன்று.

ஒரு பெயருக்காக நூறாண்டுக்கு மேல் உழைத்த தமிழ் ஆய்வுலகம், தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றோடு நிக்கோபார் ஏறத்தாழத் தொண்ணூறாண்டு கொண்டிருந்த உறவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதே இவ்வுரையின் முதன்மையான முறையீடு. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்று டேனியர் குடியேறிய தரங்கம்பாடியைத் தமிழர் சீகன்பால்குவின் அச்சகத்தால் அறிவர். அதே தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட டேனியர் 1755 டிசம்பரில் நிக்கோபாரில் இறங்கி, 1756 சனவரி முதல் நாளில் அதைத் தம் குடியேற்றமாக அறிவித்து, அவ்வாண்டின் இறுதியில் தம் அரசர் பெயரால் பிரெடரிக் தீவுகள் என அழைத்தனர் என்பதைச் சிலரே அறிவர். காய்ச்சலால் 1759இல் தீவுகள் கைவிடப்பட்டன. 1768 முதல் 1787 வரை மொரேவியச் சகோதரர் என்னும் கிறித்தவ சபையினர் நன்கவுரித் தீவில் மடிந்தும் மீண்டும் ஆள் அனுப்பியும் பணியாற்றினர். இச்சபையினருக்கும் தரங்கம்பாடியே தாய்த்தளம். இடையில் 1778இல் வில்லியம் போல்ட்ஸ் ஆஸ்திரியாவின் பெயரால் உரிமை கொண்டாடியதும் உண்டு. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற பின்னும் டென்மார்க் நிக்கோபாரைக் கைவிடாமல் அவ்வாண்டே கலாதியா என்னும் கப்பலை ஆய்வுப் பயணத்துக்கு அனுப்பியது. உரிமை ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டது 1868 அக்டோபர் 16இல்தான்.

இவையனைத்தும் தோற்றுப்போன குடியேற்றத்தின் கதை, எனவே வரலாற்றில் அரைப்பக்கம் போதும் என்று ஆங்கில விவரச்சுவடி மரபில் பயின்றோர் சொல்வதுண்டு. அம்மரபு நிக்கோபாரின் கடிகாரத்தை 1869இல் தொடங்குகிறது. ஆங்கிலேயர் வெற்றிடத்தைக் கைப்பற்றவில்லை, உரிமையை விலை கொடுத்து வாங்கினர் என்பதை மட்டும் அம்மரபினர் நினைவில் கொண்டால் நலம். டேனியர் தோற்ற காரணமும் ஆராயத்தக்கது. நிக்கோபார்க் காய்ச்சல் உண்மையே. ஆனால் தேங்காய் கொடுத்து இரும்பும் துணியும் புகையிலையும் கடந்து செல்லும் கப்பல்களிடமே பெற்றுக்கொள்ள முடிந்த மக்களுக்கு, கரையில் நிரந்தரமாக ஓர் ஆட்சியாளன் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. நன்கவுரியில் ஆண்டுகள் பல கழித்த மொரேவியச் சபையினர் ஹென்சலின் கடிதங்கள், 1812இல் இலண்டனில் அச்சானவை, இதற்கு உதவும் சான்று. தீவை விட்டுக் கால்நூற்றாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டவை என்பதால் அவற்றைத் தரங்கம்பாடி நிர்வாகத்தின் அன்றாடப் பதிவுகளோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். அப்பதிவுகள் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. டேனிய மொழி தெரியாது என்பது இனியும் சாக்காகாது. பல்லவ கிரந்தம் பயில்வதற்கு ஆகும் உழைப்பைவிட அது அதிகம் கேட்காது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற கப்பல்களில் தமிழ்ப் பணியாளர் இருந்தனரா, அவர்களுள் எத்தனை பேர் திரும்பினர் என்னும் கேள்விகளை அந்த ஆவணக்காப்பகத்திலேயே கேட்க வேண்டும். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்டதை நிக்கோபாரில் தமிழர் வரலாற்றின் தொடக்கமாக எழுதுவோர், அக்கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே அவ்வாறு எழுதுவது முறை.

ஆகவே, அமர்வுகள் 1858ஐ எல்லைக்கோடாகக் கொண்டு பகுக்கப்பட்டிருப்பது அந்தமானுக்குப் பொருந்தலாம், நிக்கோபாருக்குப் பொருந்தாது. அவ்வாண்டில் அங்கு எதுவும் மாறவில்லை; தீவுகள் அப்போதும் டேனிய உரிமையில்தான் இருந்தன. நிக்கோபாருக்குரிய எல்லைகள் 1756, 1868, கமோர்த்தா தீவில் ஆங்கிலேயர் நடத்திய தண்டனைக் குடியேற்றம் மூடப்பட்ட 1888 ஆகியவை. பிற்பகல் அமர்வில் கட்டுரை வாசிப்போர் இப்பகுப்பை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். மறுப்போர் மெய்க்கீர்த்தியை மட்டும் சான்றாகக் காட்டாமல் இருப்பாராக.